திருப்புமுனையும் விதிமுறையும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொழில் முனைவோர், தொண்டு நிறுவனங்களைத் தோற்றுவித்தோர் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளில் ‘திருப்புமுனை’ என்னும் சொல் தவறாமல் இடம்பெறுகிறது. ஒருநாள் ஒரு காட்சியைக் கண்டார், உள்ளம் மாறிற்று, ஒரு நிறுவனம் பிறந்தது என்ற முறையிலேயே அக்கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால், அதனால் மாணவருக்கு விளையும் பயன் சிறிது. ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்துள்ள அலுவலருக்கு விளையும் பயன் அதனினும் சிறிது. உள்ளம் மாறும் அந்த ஒரு கணத்தை எவரும் திட்டமிட்டு உண்டாக்க இயலாது. அதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றை மட்டுமே ஆராய்ந்து அறியவும், ஓரளவு நெறிப்படுத்தவும் இயலும்.

அவ்வாறு ஆராயும்போது ஓர் உண்மை புலனாகிறது. விடுதலைக்குப் பின் நம் நாட்டில் வளர்ந்த சிறந்த நிறுவனங்கள் சிலவற்றின் தொடக்கத்தில், நிறுவனரின் மனமாற்றத்துக்கு மிக அருகிலேயே, ஓர் அரசு விதியும் நிற்கிறது. ஓரிடத்தில் அது உதவித்தொகை ஒப்பந்தம். மற்றோரிடத்தில் சங்கப் பதிவுச் சட்டம். வேறோரிடத்தில் ஓய்வு வயது. பிறிதோரிடத்தில் இறக்குமதி உரிமம். திருப்பம் தனிமனிதரின் வாழ்வில் நிகழ்கிறது. அது ஊருக்குப் பயன்படும் நிறுவனமாக உருப்பெறும் வழியோ பெரும்பாலும் ஓர் அலுவலரின் மேசையைக் கடந்தே செல்கிறது. நான்கு பேரின் வரலாறுகளைக் கொண்டு இதனை விளக்கலாம்.

ஒப்பந்தத்தால் வந்தவர்

கோழிக்கோட்டில் 1921ஆம் ஆண்டு பிறந்த வர்கீஸ் குரியன், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். மைய அரசின் உதவித்தொகை பெற்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்துத் தாயகம் திரும்பினார். உதவித்தொகை பால்பண்ணைத் துறைக்காக அளிக்கப்பட்டது; அவருடைய நாட்டமோ இயந்திரப் பொறியியலில் இருந்தது. உதவித்தொகைக்கு ஈடாக அரசுப் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தின்படி, அந்நாளில் பம்பாய் மாகாணத்தில் அடங்கியிருந்த கேடா மாவட்டத்தின் ஆனந்த் என்னும் ஊருக்கு, 1949 மே 13ஆம் நாள் வந்து சேர்ந்தார். அங்கிருந்த அரசுப் பால்பொருள் நிலையத்தில் அவருக்குப் பணி. விருப்பமின்றி வந்தவர், தம்மை விடுவிக்குமாறு அரசுக்குத் திரும்பத் திரும்ப எழுதியவர்.

அந்நிலையத்தின் அருகிலேயே கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் இயங்கி வந்தது. மாவட்டத்தின் பாலைத் திரட்டிப் பம்பாய்க்கு அனுப்பும் உரிமை ஒரே தனியார் நிறுவனத்திடம் இருந்தது. விவசாயிக்குக் கிடைக்கும் விலையை இடைத்தரகர்களே முடிவு செய்தனர். சர்தார் வல்லபாய் படேலின் அறிவுரையை ஏற்று விவசாயிகள் 1946இல் பால் கொடுக்க மறுத்துப் போராடினர்; அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் தம் ஒன்றியத்தைப் பதிவு செய்தனர். அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். ஒன்றியத்தின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதுபட்டன. குரியன் அவற்றைச் சீர்செய்து கொடுத்தார். முடிவில், புதிய இயந்திரங்களை வாங்குவதே வழி என்று கூறினார். அவற்றை வாங்க ஏற்பாடு நடந்த வேளையில் அரசு அவரைப் பணியிலிருந்து விடுவித்தது. புதிய இயந்திரங்கள் ஓடத் தொடங்கும் வரையிலாவது தங்கிச் செல்லுமாறு திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். தங்கியவர் 1950இல் ஒன்றியத்தின் மேலாளரானார்; 2012இல் மறையும் வரை ஆனந்த் அவருடைய ஊராகவே இருந்தது.

இதில் திருப்புமுனை எது? ஒப்பந்தம் அவரை ஊருக்குக் கொண்டுவந்தது; ஊரில் நிலைக்கச் செய்தது அவர் உள்ளத்தில் எழுந்த கேள்வி. ‘இந்த இயந்திரத்தை எவ்வாறு ஓட்டுவது?’ என்று கேட்டு வந்த பொறியாளர், ‘இது யாருடைய இயந்திரம்?’ என்று கேட்கலானார். குளிர்காலத்தில் எருமைகள் கோடைக்காலத்தைவிட மிகுதியாகப் பால் தரும். மிஞ்சிய பாலைப் பொடியாக்கிச் சேமிக்காவிட்டால் விவசாயிக்கு ஆண்டு முழுதும் ஒரே சீரான வருமானம் கிட்டாது. எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்பது அன்றைய வெளிநாட்டு வல்லுநர்களின் முடிவு. குரியனின் நண்பரான எச்.எம். தலாயா அது இயலும் என்று செய்து காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் துணை நிற்க, 1955 அக்டோபர் 31ஆம் நாள் புதிய தொழிற்கூடத்தைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு வந்து, அருகிலிருந்த அஜர்புரா என்னும் சிற்றூரில் ஓர் இரவு தங்கினார். மண்ணும் மழையும் எருமையும் பிற பகுதிகளில் உள்ளவற்றைவிடச் சிறந்தனவாக இல்லாதபோது, இங்கு மட்டும் இவ்வெற்றி எவ்வாறு விளைந்தது என்பது அவர் வினா. பால்பண்ணையின் உரிமையாளர்கள் விவசாயிகளே என்பது குரியனின் விடை. தேசியப் பால்வள வாரியம் 1965இல் தலைநகரில் அமையாமல் ஆனந்திலேயே அமைந்தது. ‘வெண்மைப் புரட்சி’ எனப் பெயர் பெற்ற திட்டம் 1970இல் தொடங்கிற்று. 1950-51இல் 1 கோடியே 70 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் பால் உற்பத்தி, 2022-23இல் 23 கோடி டன்னை எட்டியது. இவ்வளவும் ஒருவரால் விளைந்ததன்று. ஆயினும், ஒருவர் தங்கியதால் தொடங்கிய வேலைக்கு இதில் பெரும் பங்குண்டு.

பதிவாளரின் கேள்வி

அதே குஜராத்தின் பெருநகரில் நிகழ்ந்தது இரண்டாம் வரலாறு. இலா பட் சட்டம் பயின்று, 1955இல் அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். காந்தியடிகளின் வழிகாட்டுதலில் அனசூயா சாராபாய் 1920இல் உருவாக்கிய சங்கம் அது. 1968இல் அதன் மகளிர் பிரிவின் தலைமை இலா பட்டிடம் வந்தது. ஆலைத் தொழிலாளரின் மனைவியருக்குத் தையலும் பின்னலும் கற்பிப்பது அப்பிரிவின் முதன்மையான பணி. ஆலைகள் மூடப்பட்டபோது, வேலையிழந்தோர் வீடுகளுக்குச் சென்று நிலைமையை ஆராய்ந்தார். ஆடவர் வேலைக்காகப் போராடிக்கொண்டிருந்த வீடுகளில், காய்கறி விற்றும் வண்டி இழுத்தும் பழந்துணி மாற்றியும் பீடி சுற்றியும் பெண்களே அடுப்பெரிய வைத்தனர். அப்பெண்கள் எந்தச் சட்டத்தின் பார்வையிலும் தொழிலாளர் அல்லர். எந்தக் கணக்கெடுப்பிலும் முறையாக இடம்பெற்றவரும் அல்லர்.

1971இல் துணிச் சந்தையில் சுமை தூக்கும் பெண்களின் கூலி நிலையை அவர் நாளிதழில் எழுதினார். தாங்கள் நியாயமான கூலியே தருவதாக வணிகர்கள் மறுப்பு வெளியிட்டனர். வணிகர்கள் கூறிய அந்தக் கூலி விகிதங்களையே சிறு அட்டைகளில் அச்சிட்டு, மகளிர் பிரிவு அப்பெண்களிடம் வழங்கியது. இனி அதற்குக் குறைவாகக் கொடுப்பது எப்படி? இச்செய்தி பரவவே, பழந்துணி விற்கும் பெண்களும் தம் குறைகளைச் சொல்ல வந்தனர். தமக்கென ஒரு சங்கம் வேண்டும் என்ற எண்ணம் அப்பெண்கள் கூட்டத்திலேயே எழுந்தது. சுயதொழில் மகளிர் சங்கம், அதாவது ‘சேவா’, 1971 டிசம்பரில் தோன்றியது.

சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றபோது தொழிற்சங்கப் பதிவாளர் ஒரு தடையை எழுப்பினார். இப்பெண்களுக்கு முதலாளி என ஒருவர் இல்லை. அவ்வாறாயின் சங்கம் யாரை எதிர்த்துப் போராடும் என்பது அவர் கேள்வி. தொழிற்சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் அமைவதன்று. தொழிலாளர் தமக்குள் ஒன்றுபடுவதற்காகவும் அமையலாம் என்பது இலா பட்டின் வாதம். பலமுறை எடுத்துரைத்த பின் 1972 ஏப்ரலில் பதிவு கிடைத்தது.

அந்தப் பதிவாளரைக் குறை கூறுவது எளிது; முறையன்று. அவர் கேட்டது சட்டம் அவரைக் கேட்கச் சொன்ன கேள்வி. அவர் கேட்டிராவிட்டால் ‘தொழிலாளி’ என்ற சொல்லின் பொருளை அவ்வளவு தெளிவாக எடுத்துரைக்கும் தேவை சங்கத்துக்கும் எழுந்திராது. போற்றத்தக்கது, அவர் விடையைச் செவிமடுத்துத் தம் முடிவை மாற்றிக்கொள்ள இடமிருந்தது என்பதே. ஈராண்டுகளில் அடுத்த தேவை எழுந்தது. வட்டிக்கடைக்காரரிடமிருந்து விடுபட, ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்தி, 4,000 பெண்கள் சேர்ந்து 1974இல் தம் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். எழுத்தறியாதவர் வங்கி நடத்துவது எங்ஙனம் என்ற ஐயம் மீண்டும் எழுந்தது. முன்னோடிகளான பெண்கள் இரவோடிரவாகக் கையெழுத்திடக் கற்றுப் பதிவுக்குச் சென்றனர்.

வீட்டிலிருந்தே வேலை செய்வோர் பற்றிய உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஏற்றது. தெரு வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2014இல் இயற்றியது. இவ்விரண்டுக்கும் பின்னால் சேவாவின் நெடுநாள் உழைப்பு உண்டு. இலா பட் 2022 நவம்பரில் காலமானார்.

ஓய்வு பெற்ற நாள்

மூன்றாம் வரலாற்றின் களம் மதுரை. வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, 1944இல் மருத்துவப் பட்டம் பெற்று இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஏறத்தாழ 30 வயதில் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. இராணுவப் பணியை விட நேர்ந்தது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். கைவிரல்கள் நிலையாகக் கோணின. மகப்பேறு மருத்துவம் இனி இயலாது என்றான பின் கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். கோணிய விரல்களைக் கொண்டே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். அவர் வாழ்நாளில் செய்த கண் அறுவை மருத்துவங்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவை.

இந்நோயையே அவர் வாழ்வின் திருப்புமுனையாகக் கூறுவது வழக்கம். ஆயினும், நோய் தாக்கிய ஆண்டுக்கும் மருத்துவமனை தோன்றிய ஆண்டுக்கும் இடையே 28 ஆண்டுகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மதுரை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பணியாற்றியவை. ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தியபோதுதான் கேள்வி மாறியது. கண்புரை என்பது அறுவை மருத்துவத்தால் பார்வை மீளக்கூடிய நோய். இருந்தும் மக்கள் பார்வையின்றி இருந்தனர். மருத்துவரின் திறமை போதாமை அதற்குக் காரணமன்று. பேருந்துக் கட்டணமும், துணைக்கு வருவோரின் ஒருநாள் கூலியும், ‘வயதானால் கண் மங்குவது இயல்பு’ என்ற எண்ணமுமே தடையாக நின்றன. ஒரு நோயாளியைக் குணப்படுத்துவது எவ்வாறு என்ற கேள்வி, ஊரிலுள்ள அனைவரும் வந்து சேருமாறு செய்வது எவ்வாறு என்று மாறியது.

58 வயதில் அரசு விதி அவரை வீட்டுக்கு அனுப்பியது. அதே 1976ஆம் ஆண்டில், தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி முதலிய குடும்பத்தாருடன் சேர்ந்து, 11 படுக்கைகளைக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நகைகளை அடகு வைத்துத் திரட்டிய பணமும் அதில் சேர்ந்தது. வசதி உள்ளவர் கட்டணம் செலுத்துவர். அக்கட்டணத்தின் மிகுதியால் ஏழையருக்கு இலவச மருத்துவம் நடக்கும். ஒருவருக்கு அறுவை முடிந்ததும் அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாக இருப்பார். பயிற்சி பெற்ற சிற்றூர்ப் பெண்கள் மருத்துவரின் மற்ற வேலைகளை ஏற்பர். இம்முறையால் ஓர் அறுவையின் செலவு குறைந்தது. செயற்கை விழிவில்லை வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்த நிலையில், அதனை உள்நாட்டிலேயே செய்ய 1992இல் ‘அரோலேப்’ தொடங்கப்பட்டது. விலை பல மடங்கு குறைந்தது. வெங்கடசாமி 2006இல் மறைந்தார்.

நாட்டின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை மைய அரசு தொடங்கியதும் அதே 1976இல்தான் என்பது எண்ணத்தக்கது. ஓய்வு விதி ஓர் ஆற்றலை விடுவித்தது. விடுவிக்கப்பட்ட ஆற்றலைப் பயன்படுத்தும் ஏற்பாடு எந்த விதியிலும் இல்லை. அதனை அக்குடும்பமே செய்துகொண்டது.

உரிமத்துக்காகக் காத்திருந்தவர்கள்

மேற்கண்ட மூவரும் இலாபத்தை நாடாதவர்கள். இலாபம் ஈட்டும் தொழிலை நிறுவிய ஒருவரையும் காண்போம். நா.ரா. நாராயண மூர்த்தி கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் முதுநிலைப் பட்டம் பெற்றவர். 1970களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் பணியாற்றினார். இடதுசாரிக் கருத்துகளில் பற்றுடையவராக இருந்தார். தாயகம் திரும்பும் வழியில், 1974இல், அன்றைய யுகோஸ்லாவியாவின் நிஷ் என்னும் ஊரில், இரயிலில் ஒரு பெண்ணுடன் உரையாடிய காரணத்தால் காவலர் அவரைப் பிடித்து, உணவும் நீருமின்றிச் சில நாட்கள் அடைத்து வைத்தனர். வறுமையைப் போக்கும் வழி வேலைவாய்ப்பைப் பெருக்குவதே. அதனைச் செய்ய வல்லவர் தொழில் முனைவோரே என்ற முடிவுக்கு அந்நிகழ்ச்சி தம்மைக் கொணர்ந்தது என்று அவர் பலமுறை கூறியுள்ளார்.

ஆனால், அடுத்து அவர் தொடங்கிய முதல் நிறுவனம் தோல்வியுற்றது. உள்நாட்டில் மென்பொருளுக்குப் போதிய சந்தை இல்லை என்ற பாடத்தை அத்தோல்வியே கற்பித்தது. 1981இல் ஆறு துணைவர்களுடன், மனைவி சுதா அளித்த 10,000 ரூபாயை முதலாகக் கொண்டு, வெளிநாட்டுச் சந்தையை நோக்கி இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தொலைபேசி இணைப்புக்குக் காத்திருப்பு, ஒரு கணிப்பொறியை இறக்குமதி செய்யும் உரிமத்துக்காகத் தில்லிக்குப் பல பயணங்கள், ஆண்டுக்கணக்கில் தாமதம். 1990இல் நிறுவனத்தை விற்றுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. துணைவர்களின் பங்குகளைத் தாமே வாங்கிக்கொள்வதாக மூர்த்தி கூறவே, அனைவரும் விற்கும் எண்ணத்தைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டு உரிம முறை பெரிதும் தளர்ந்தது. மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பும் அதே 1991இல் தோன்றியது.

அந்நியச் செலாவணி அருமையாக இருந்த காலத்தில் இறக்குமதி உரிமத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரக்கூடிய கருவியையும் அதே வரிசையில் நிறுத்தியபோது, விதி தன் நோக்கத்துக்கே எதிராயிற்று. இதுவே நான்காம் வரலாறு தரும் பாடம்.

மாணவர்க்கும் அலுவலர்க்கும்

இந்நான்கினையும் ஒருசேர நோக்கினால், திருப்புமுனை என்பது ஒரு கணமாக இல்லாமல் மூன்று படிகளாக அமைவது விளங்கும். முதற்படி, நேர்ந்த ஒரு நிகழ்ச்சி: விரும்பாத பணி, மூடிய ஆலை, கோணிய விரல், அயல்நாட்டுச் சிறை. இது பலருக்கும் நேர்வது. இரண்டாம் படி, கேள்வி மாறுவது. இது மக்களிடையே நெடுநாள் பழகியவர்க்கே வாய்ப்பது. மூன்றாம் படி, மாறிய கேள்வி ஒரு சங்கமாகவோ, வங்கியாகவோ, மருத்துவமனையாகவோ, நிறுவனமாகவோ உருப்பெறுவது. ஆனந்தில் தொழிற்கூடம் எழ ஆறு ஆண்டுகள் ஆயின. இலா பட் சங்கம் காண 16 ஆண்டுகள் ஆயின. வெங்கடசாமிக்கு 28. மூர்த்திக்கு இடையில் ஒரு தோல்வி. மின்னல் போன்ற ஓர் எழுச்சிக்காகக் காத்திருக்கும் மாணவர் இக்காலக் கணக்கை மனத்திற் கொள்வது நலம்.

அலுவலர் இவர்களைச் சந்திப்பது பெரும்பாலும் மூன்றாம் படியில். அப்போது எதிரே நிற்பவர் குரியனாகவோ இலா பட்டாகவோ பெயர் பெற்றிருப்பதில்லை. விண்ணப்பத்தில் பாதிக் கட்டங்களை நிரப்பத் தெரியாத ஒருவராகவே நிற்கிறார். விதிகளைத் தளர்த்திவிடுவது இதற்கு விடையாகாது. பொதுப் பணத்தையும் எளியோரின் சேமிப்பையும் காப்பவை அவ்விதிகளே. தொண்டின் பெயரால் நடக்கும் முறைகேடுகளும் குறைவல்ல. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கேட்ட பின் விடையைக் கேட்கவும் வேண்டும். இவ்விதி எதைக் காக்க எழுந்தது, இந்த விண்ணப்பம் அதற்கு உண்மையில் ஊறு செய்யுமா என்று ஒரு பக்கக் குறிப்பில் எழுதிப் பார்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

மேலே கூறப்பட்ட நான்கும் வென்றவர்களின் வரலாறுகள். பதிவாளர் மூன்றாம் முறையும் மறுத்திருந்தால் சேவாவின் பெயர் எவருக்கும் தெரிந்திராது. மறுத்தவருக்கும் தாம் எதை மறுத்தோம் என்பது தெரிந்திராது. அனுமதித்த கோப்பின் விளைவை நாடு காண்கிறது. மறுத்த கோப்பின் விளைவு எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. தலைச்சுமைக் கூலியின் விகிதத்தை அட்டையில் அச்சிட்டுக் கொண்டு வரும் அடுத்த பெண் எந்த மாவட்ட அலுவலகத்தின் வாயிலில் நிற்கிறாள் என்பதை எவரும் அறியார். அவளை உள்ளே அழைத்து, அமரச் செய்து, சொல்ல வந்ததை முழுதும் கேட்பது அங்குள்ள அலுவலரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்று.